ஆறு கம்பெனிகள்: அமெரிக்க மேற்கின் கட்டுமானக் கூட்டாளிகள்

கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணையைக் கட்டிய ‘சிக்ஸ் கம்பெனீஸ்’ என்ற கூட்டு நிறுவனம் 1931 பிப்ரவரியில் பதிவானது. ஒரே ஒரு டெண்டருக்காக அமைந்த கூட்டு அது. ஆனால் அதில் சேர்ந்த ஒப்பந்தக்காரர்கள் அணை முடிந்த பிறகும் பிரியவில்லை. அடுத்த பத்தாண்டுகளுக்கு மேல் வேறு வேறு பெயர்களில், வேறு வேறு பங்கு விகிதங்களில் அணைகள், பாலத்தூண்கள், சிமென்ட் ஆலை, போர்க்காலக் கப்பல்கள் என்று சேர்ந்தே வேலை எடுத்தார்கள். அமெரிக்கக் கட்டுமானத் தொழிலில் பல கம்பெனிகள் முதலையும் நட்டத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும் முறை பரவலாக நிலைபெற்றதில் இந்தக் கூட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதன் வேர் ரயில் பாதைகளில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மேற்கில் ரயில் பாதைக்கு மண் வெட்டிக் கரை போடும் வேலை சிறு ஒப்பந்தக்காரர்களின் கையில் இருந்தது. கோவேறு கழுதைகளும் மண் வாரும் இரும்புத் தட்டுகளும்தான் அவர்களுடைய சொத்து. ரயில் கம்பெனி ஒருவரிடம் வேலையைக் கொடுக்கும். அவர் நூறு மைலைத் துண்டு துண்டாக்கி உள் ஒப்பந்தமாகப் பிரித்துவிடுவார். பனிக்காலம் முன்கூட்டியே வந்தாலோ, மண் என்று நினைத்து விலை சொன்ன இடத்தில் பாறை வந்தாலோ, உள் ஒப்பந்தக்காரர் திவாலாகிவிடுவார். யார் பாதியில் போட்டுவிட்டு ஓடுவார், யார் கைக்காசு போட்டாவது முடித்துக் கொடுப்பார் என்ற செய்தி அந்த வட்டாரத்தில் வேகமாகப் பரவும். பின்னாளில் கூட்டாளிகளைத் தேர்ந்தெடுக்க உதவியது இந்த ஊர்ப்பேச்சுதான்.

கூட்டின் மூத்த உறுப்பு யூட்டா கன்ஸ்ட்ரக்ஷன். யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் வாட்டிஸ் சகோதரர்கள் 1900-இல் தொடங்கியது. அந்த வட்டாரத்துச் செல்வர்களான எக்ளஸ் குடும்பத்தின் முதலும் அதில் இருந்தது. அக்குடும்பத்து மாரினர் எக்ளஸ்தான் 1934-இல் அமெரிக்க மத்திய வங்கியின் தலைமைக்கு வந்தவர். கலிபோர்னியாவின் ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வெஸ்டர்ன் பசிபிக் ரயில் பாதையைப் போட்டதில் பெயர் வாங்கி, 1919 முதல் 1923 வரை ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் சான் பிரான்சிஸ்கோவின் குடிநீருக்கான அணையைக் கட்டி முடித்தது யூட்டா.

இரண்டாவது, ஐடஹோ மாநிலத்தின் பாய்சியைச் சேர்ந்த மாரிசன்-நூட்சன். மத்திய அரசின் நீர்ப்பாசனத் துறையில் வேலை பார்த்த ஹாரி மாரிசன் என்ற இளைஞரும், அவரைவிட வயதில் மிக மூத்தவரும் டென்மார்க்கிலிருந்து குடியேறியவருமான மாரிஸ் நூட்சனும் 1912-இல் 600 டாலர் முதலோடு தொடங்கியது. நீர்ப்பாசனத் துறை அணைகளைத் தானே கட்டுவதை நிறுத்திக் காண்ட்ராக்ட்டுக்கு விடத் தொடங்கியபோது, அந்தத் துறையின் மிகச் சிறந்த பொறியாளர்களில் ஒருவரான ஃபிராங்க் க்ரோ 1925-இல் வேலையை விட்டு மாரிசனிடம் வந்து சேர்ந்தார். மேஜையில் உட்கார அவருக்குப் பிடிக்காது. அணை கட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். ஆள் வந்தார், அணை கட்டும் அளவுக்குப் பணம் மாரிசனிடம் இல்லை. பணம் யூட்டாவிடம் இருந்தது. வயோமிங்கில் கெர்ன்சி அணையை இரு கம்பெனிகளும் சேர்ந்து கட்டின. பிறகு கலிபோர்னியாவில் ஒன்று, ஐடஹோவில் ஒன்று. பணமும் ஆளும் இப்படி இணைந்து, ஹூவர் அணையின் டெண்டர் வருவதற்குள் இவர்கள் ஒருவர் கணக்கை மற்றவர் ஐந்தாண்டுக்கு மேல் பார்த்திருந்தார்கள்.

கலிபோர்னியாவில் இதேபோல இன்னொரு ஜோடி. 1898-இல் கோவேறு கழுதைகளோடு ஓக்லஹோமா ரயில் பாதைக்கு மண் வெட்டப் போன வாரன் பெக்டெல், 1920-களில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் பெரிய ஒப்பந்தக்காரர். அவரைவிடப் பத்து வயது இளையவர் ஹென்றி கைசர். புகைப்படக் கடை வைத்திருந்து, பிறகு கனடாவின் வான்கூவரில் 1914-இல் தார்ச்சாலை போடத் தொடங்கியவர். இருவரும் 1921 வாக்கில் பழகி, சாலைகளையும் எரிவாயுக் குழாய்களையும் சேர்ந்து செய்தார்கள். கைசருக்கு 1927-இல் கியூபாவில் 200 மைல் நீளச் சாலையும் ஏறத்தாழ 500 சிறு பாலங்களும் உள் ஒப்பந்தமாகக் கிடைத்தன. கொடுத்தது பாஸ்டனின் வாரன் பிரதர்ஸ். அந்த வேலையில்தான் தொலைவில் இருக்கும் பெரிய வேலையைப் பல கைகளில் பிரித்து நடத்தும் வித்தை கைசருக்குப் படிந்தது.

மூன்றாவது ஜோடி வடக்கே போர்ட்லாந்தில். சுரங்கவழி, கழிவுநீர்க் குழாய் வேலைகளில் பழுத்த ஜே.எஃப். ஷே கம்பெனியை நடத்திய சார்லி ஷே, நீருக்கடியில் தூண் இறக்குவதில் பெயர் பெற்ற பசிபிக் பிரிட்ஜ் கம்பெனியோடு நெருக்கமானவர். சான் பிரான்சிஸ்கோவில் அடுக்குமாடிகள் கட்டிய மெக்டொனால்டு அண்டு கான் கட்டட வேலையிலிருந்து வந்த கம்பெனி. பெக்டெல் போன்றவர்கள் நடுமேற்கின் விவசாயக் குடும்பங்கள். வாட்டிஸ்கள் மார்மன் நாட்டவர். ஷே ஐரிஷ் வழி வந்தவர். ஃபீலிக்ஸ் கான் ஒரு யூத மதகுருவின் மகன், டெட்ராய்ட்டின் மோட்டார் ஆலைகளை வடிவமைத்த ஆல்பர்ட் கானின் தம்பி. ஊர், மதம், குணம் எதிலும் ஒட்டாத மனிதர்கள். சொன்ன விலைக்கு வேலையை முடிப்பது, நட்டம் வந்தால் பங்கை மறுக்காமல் போடுவது, கைகொடுத்து ஒப்புக்கொண்டதைப் பத்திரம் போல் மதிப்பது என்ற தொழில் நாணயம்தான் இவர்களுக்குப் பொதுவாக இருந்தது.

ஹூவர் அணைக்கான சட்டத்தில் ஜனாதிபதி கூலிட்ஜ் 1928 டிசம்பரில் கையெழுத்திட்டார். 726 அடி உயர அணை. உலகில் அதுவரை அப்படி ஒன்று இல்லை. வேலை எடுப்பவர் 50 லட்சம் டாலருக்குப் பிணைப் பத்திரம் தர வேண்டும். பிணை நிற்கும் கம்பெனிகளோ அதற்கு ஈடான பெரிய முதலைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மறுத்தன. பங்குச் சந்தை சரிந்து ஓராண்டு கழிந்த நேரம். மேற்கின் எந்தக் கம்பெனியிடமும் அவ்வளவு ரொக்கம் இல்லை. மாரிசன் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார். யூட்டா 10 லட்சம் டாலர் போட்டது. மெக்டொனால்டு அண்டு கான் 10 லட்சம். மாரிசன்-நூட்சன், ஷே, பசிபிக் பிரிட்ஜ் ஆகியோர் தலா 5 லட்சம். மீதி 15 லட்சம் பெக்டெல், கைசர், வாரன் பிரதர்ஸ் மூவரும் சேர்ந்து ஒரே பங்காக. எண்ணிப் பார்த்தால் எட்டுக் கம்பெனிகள், ஆறு பங்குகள்.

சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுனில் சீனர்களின் சங்கங்களுக்கு இடையே வழக்குத் தீர்த்துவந்த அமைப்புக்கும் ஆறு கம்பெனிகள் என்றே பெயர். அதிலிருந்துதான் கூட்டுக்குப் பெயர் எடுக்கப்பட்டது என்பார்கள். ஆனால் ஹூவர் அணையின் அரசாங்க ஒப்பந்தத்திலேயே சீனர் போன்ற கிழக்காசியத் தொழிலாளர்களைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது.

விலை நிர்ணயித்த விதம் கவனிக்கத் தக்கது. க்ரோ ஒரு மதிப்பீடு போட்டார்; மற்ற கூட்டாளிகளும் தங்கள் பங்குக்குத் தனியாகப் போட்டார்கள். பிறகு எல்லாவற்றையும் மேஜையில் வைத்து ஒப்பிட்டார்கள். ஒருவர் கணக்கை மற்றவர் நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்ட ஏற்பாடு இது. நம்பிக்கை நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். வாட்டிஸ் சகோதரர்களில் ஒருவரான வில்லியம் அப்போது புற்றுநோயோடு சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் படுத்திருந்தார். கடைசிக் கணக்கு அவருடைய அறையில் வைத்துப் பேசப்பட்டது. அடக்க விலையின் மேல் 25 சதவீதம் வைத்தார்கள். 1931 மார்ச் 4 அன்று டென்வரில் டெண்டர் பிரிக்கப்பட்டபோது இவர்களுடைய விலை சுமார் 4 கோடியே 89 லட்சம் டாலர். நீர்ப்பாசனத் துறையின் ரகசிய மதிப்பீட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் சில பத்தாயிரம் டாலர்தான். அடுத்த விலை 50 லட்சம் டாலர் கூடுதல்.

வேலை கிடைத்ததும் சண்டையும் வந்தது. எல்லோரும் முதலாளிகள், எல்லோரும் வேலை தெரிந்தவர்கள், இயக்குநர் கூட்டத்தில் ஒவ்வொருவரும் க்ரோவுக்கு ஓர் உத்தரவு போட்டார்கள். விரைவிலேயே நால்வர் குழு ஒன்றை அமைத்து அதிகாரத்தைப் பிரித்தார்கள். கட்டுமானத் தளத்தைப் பார்ப்பது ஷே. பணம், சட்டம், தொழிலாளர் குடியிருப்பு, சாப்பாடு கான் பொறுப்பு. கொள்முதலும் நிர்வாகமும் பெக்டெல்லின் மகன் ஸ்டீபனிடம். குழுவின் தலைவராகவும் வாஷிங்டனில் அரசாங்கத்தோடு பேசுபவராகவும் கைசர். தளத்தில் க்ரோ சொன்னது சட்டம். அவருக்கு மேல் ஷே ஒருவர் மட்டுமே. இளம் வயதிலேயே தொழிலில் இறங்கியவர்கள் தங்கள் பணம் போட்ட வேலையில் தலையிடாமல் இருப்பது எளிதல்ல. அந்த ஒழுங்கைக் காப்பாற்றியதுதான் இவர்களின் உண்மையான சாதனை என்று சொல்லலாம். கூட்டின் தலைவராக இருந்த வில்லியம் வாட்டிஸ் 1931 செப்டம்பரில் இறந்தார். அவருக்குப் பின் தலைவரான வாரன் பெக்டெல், சோவியத் அணைகளைப் பார்க்கப் போன இடத்தில் 1933 ஆகஸ்டில் மாஸ்கோவில் காலமானார். எட்மண்ட் வாட்டிஸ் 1934-இல். முதல் தலைமுறையில் மூவர் மூன்றாண்டில் போன பிறகும் கூட்டு கலையவில்லை.

ஆற்றைத் திருப்புவதற்கு மலையில் 56 அடி விட்டமுள்ள நான்கு சுரங்கவழிகளைக் குடைய வேண்டும். ஒரு லாரியின் மேல் மூன்று நான்கு தட்டுகளாக இரும்புச் சாரம் கட்டி, அதில் முப்பது வரை துளைக் கருவிகளைப் பொருத்தினார்கள். லாரி பின்பக்கமாகப் பாறைமுகத்தை நெருங்கி நிற்கும். எல்லாத் துளைகளும் ஒரே நேரத்தில் போடப்படும். லாரி விலகும், வெடி வைக்கப்படும். 1932 நவம்பர் 13 அன்று ஆறு திரும்பியது, கெடுவுக்குப் பத்து மாதத்துக்கு மேல் முன்னதாக. 1933 ஜூனில் முதல் கான்கிரீட் விழுந்தது. பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டிய கம்பிவடங்களில் தொங்கி வந்த வாளிகள் ஒரு தடவைக்கு 8 கன கஜம் கொட்டின. அவ்வளவு கனமான கான்கிரீட் தானாக ஆறுவதானால் தலைமுறைகள் ஆகும் என்பதால் உள்ளே குழாய் பதித்துக் குளிர்ந்த நீர் ஓட்டினார்கள். 1935 மே மாத இறுதியில் கான்கிரீட் முடிந்தது. 1936 மார்ச் 1 அன்று அணை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்பந்தப்படி இன்னும் இரண்டாண்டு மிச்சம் இருந்தது. நிகர லாபம் ஒரு கோடி டாலருக்குச் சற்று மேல் என்று அக்காலத்தில் கணக்கிட்டார்கள்.

கூட்டாளிகளுக்குள் இருந்த நாணயம் கூலி ஆட்கள் வரை போகவில்லை என்பதையும் சேர்த்தே இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். 1931 கோடையில் நிழலில்கூட வெயில் 48 டிகிரியைத் தொட்டது. குடியிருப்புகள் இன்னும் தயாராகவில்லை. வெப்பத் தாக்குதலில் ஆட்கள் செத்தார்கள். ஆகஸ்டில் சுரங்கவழித் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரின் கூலி குறைக்கப்பட, வேலைநிறுத்தம் வெடித்தது. க்ரோ எந்தக் கோரிக்கையையும் ஏற்கவில்லை. வெளியே வேலை தேடி ஆயிரக்கணக்கானோர் நின்றதால் ஏற்க வேண்டிய நெருக்கடியும் இல்லை. சுரங்கவழிக்குள் பெட்ரோல் வண்டி ஓட்டக் கூடாது என்பது நெவாடா மாநிலச் சட்டம். கம்பெனி நீதிமன்றத்தில் தடை வாங்கி லாரிகளை ஓட்டியது. புகையில் நுரையீரல் கெட்டது என்று வழக்குப் போட்டவர்களில் 50 பேருக்கு 1936 ஜனவரியில் வெளியே பேசிப் பணம் கொடுத்துத் தீர்த்தார்கள். அரசுக் கணக்குப்படி கட்டுமான விபத்துகளில் இறந்தோர் 96 பேர். புகை நோயில் போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. கறுப்பினத் தொழிலாளர்கள் எந்தக் காலத்திலும் சில பத்துப் பேரைத் தாண்டவில்லை.

எட்டு மணி நேரச் சட்டத்தை 70,000 தடவை மீறியதாக உள்துறை அமைச்சர் ஹெரால்டு இக்கஸ் 1935-இல் 3,50,000 டாலர் அபராதம் விதித்தார். கைசர் பதில் சொன்ன விதம் புதியது: அணை கட்டிய வீரக் கதையைப் புத்தகமாக அச்சிட்டு ஆயிரக்கணக்கில் வழங்கினார், வானொலியிலும் அதைப் பேச வைத்தார். அபராதம் 1,00,000 டாலராகக் குறைந்தது.

அணை வேலை நடக்கும்போதே கூட்டாளிகள் அடுத்த வேலைகளுக்குப் போய்விட்டார்கள். இங்கேதான் இவர்களுக்கே உரிய முறை ஒன்று உருவானது. புதிதாக ஒரு டெண்டர் வந்தால் அதில் ஆர்வமுள்ள கம்பெனி பொறுப்பாளராக நின்று மற்றவர்களை அழைக்கும். யாருக்கு எத்தனை சதவீதம் என்பது ஒவ்வொரு வேலைக்கும் புதிதாகப் பேசப்படும். விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாம், அடுத்த தடவை அழைப்பு வராமல் போகாது. பொறுப்புக் கம்பெனிதான் மேற்பார்வையாளரை வைக்கும், கணக்கு எழுதும். மற்றவர்கள் பங்குக்கு முதல் போட்டு, லாபமோ நட்டமோ அதே விகிதத்தில் எடுத்துக்கொள்வார்கள். கொலராடோ ஆற்றின் கீழ்ப்பகுதியில் பார்க்கர் அணை, கொலம்பியா ஆற்றில் போனவில் அணையின் பெரும் பகுதி, சான் பிரான்சிஸ்கோ-ஓக்லண்ட் பாலத்தின் அடித்தூண்கள் என்று வேலை நீண்டது. தலைமை சுற்றி வந்ததால் யாரும் நிரந்தர முதலாளி ஆகவில்லை. கிராமத்துச் சீட்டுக் கட்டுவது போன்ற ஏற்பாடு. ஒருவர் முறை தவறினாலும் எல்லாம் குலையும்.

தோற்ற டெண்டர்களையும் இவர்கள் வீணாக்கவில்லை. 1934-இல் கிராண்ட் கூலீ அணையின் அடித்தளத்தைக் கிழக்கத்திய கம்பெனிகள் அடங்கிய வேறொரு கூட்டு தட்டிச் சென்றது. 1937 இறுதியில் மேல்பகுதிக்கான டெண்டர் வந்தபோது அதே எதிரிகளோடு சேர்ந்து கன்சாலிடேட்டட் பில்டர்ஸ் என்ற புதிய கூட்டை அமைத்து வேலையை வாங்கினார்கள். அடுத்து ஷாஸ்தா அணையிலும் தோல்வி. க்ரோகூட வெற்றி பெற்றவர்களிடம் வேலைக்குப் போய்விட்டார். கைசர் அந்த அணைக்குச் சிமென்ட் விற்கும் டெண்டரை எடுத்தார், அதுவரை ஒரு மூட்டை சிமென்ட்கூடத் தயாரித்ததில்லை. 1939-இல் கலிபோர்னியாவின் பெர்மனென்டே சிற்றாற்றங்கரையில் ஆலை எழுந்தது.

தொழிலாளர் நலத்தில் ஏற்பட்ட மாற்றமும் கூட்டுத் தொழிலின் வழியாகவே வந்தது. ஒப்பந்தக்காரர்கள் சேர்ந்து நடத்திய இன்டஸ்ட்ரியல் இன்டெம்னிட்டி என்ற விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் கைசருக்கும் பெக்டெல்லுக்கும் பங்கு உண்டு. 1933-இல் பாலைவனத்தில் கால்வாய்த் தொழிலாளர்களுக்குச் சிறு மருத்துவமனை நடத்தித் திவாலாகும் நிலையில் இருந்த சிட்னி கார்ஃபீல்டு என்ற இளம் மருத்துவருக்கு அந்த நிறுவனம் தலைக்கு இவ்வளவு என்று முன்பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. தொழிலாளரும் நாளுக்கு 5 சென்ட் கொடுத்தார்கள். 1938-இல் கார்ஃபீல்டு கிராண்ட் கூலீக்கு அழைக்கப்பட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட கைசர் பெர்மனென்டே மருத்துவத் திட்டத்தின் தொடக்கம் இது.

1940 டிசம்பரில் பிரிட்டன் 60 சரக்குக் கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தபோது, டாட் என்ற கப்பல் கம்பெனியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு இவர்கள் கலிபோர்னியாவின் ரிச்மண்டில் கப்பல் தளம் கட்டினார்கள். அணை கட்டிய முறையே கப்பலுக்கும் வந்தது: பகுதிகளைத் தனித்தனியே செய்து பாரந்தூக்கியால் கொண்டுவந்து பொருத்துவது. ரிச்மண்டின் நான்கு தளங்கள் போர் முடிவதற்குள் 747 கப்பல்களை இறக்கின. 1942 நவம்பரில் ‘ராபர்ட் ஈ. பியரி’ அடிப்பகுதி வைத்த 4 நாள் 15 மணி நேரத்தில் நீரில் இறங்கியது. அது விளம்பரத்துக்குச் செய்த வேலை, வழக்கமான வேகம் அல்ல. கலிபோர்னியாவின் தென்பகுதியில் கால்ஷிப் தளத்தை ஸ்டீபன் பெக்டெல்லும் ஜான் மெக்கோனும் நடத்தினார்கள். ஒருவர் தளத்தில் மற்றவருக்குப் பங்கு என்பது பழைய முறைப்படியே தொடர்ந்தது.

பசிபிக் தீவுகளில் கடற்படைத் தளங்கள் கட்டும் கூட்டிலும் மாரிசன்-நூட்சன் சேர்ந்திருந்தது. வேக் தீவில் அதன் மேற்பார்வையில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் 1941 டிசம்பரில் ஜப்பானியரிடம் சிக்கினர். தீவிலேயே நிறுத்திவைக்கப்பட்ட 98 பேர் 1943 அக்டோபரில் கொல்லப்பட்டார்கள்.

கூட்டு பிரிந்ததற்கு ஒரு துரோகமோ வழக்கோ காரணம் இல்லை. ஒப்பந்தக்காரரின் இயல்பு ஒரு வேலையை எடுத்து, முடித்து, லாபத்தைப் பிரித்து, இயந்திரங்களை அடுத்த இடத்துக்கு ஏற்றுவது. கைசருக்கு அது போதவில்லை. அரசாங்கக் கடன் வாங்கி 1942-இல் ஃபான்டானாவில் எஃகு ஆலை வைத்தார். அலுமினியம், மோட்டார் கார் என்று போனார். கடனுக்கு அஞ்சிய, பத்திரிகை வெளிச்சத்தை விரும்பாத மற்றவர்களுக்கு அந்தப் பாதையில் நாட்டமில்லை. கப்பல் தளங்களின் புகழ் முழுவதும் கைசர் பெயரில் சேர்ந்ததும் சிலருக்குக் கசந்தது. பெக்டெல் எண்ணெய்க் குழாய், சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கம் திரும்பி அரேபியாவுக்குப் போயிற்று. போர் முடிந்த சில ஆண்டுகளில் அவரவர் வழி தனியானது.

பங்கு முறையை மட்டும் யாரும் கைவிடவில்லை. 1960-களில் வியட்நாமில் அமெரிக்கத் தளங்களைக் கட்டிய கூட்டில் மாரிசன்-நூட்சன் முதலில் ரேமண்ட் கம்பெனியோடும், 1965 முதல் மேலும் இரண்டு கம்பெனிகளோடும் சேர்ந்து நின்றது. கம்பெனிகளின் கதி வேறு வேறாக முடிந்தது. யூட்டா சுரங்கத் தொழிலில் இறங்கி 1976-இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கோடு இணைந்து, பிறகு ஆஸ்திரேலியாவின் பி.எச்.பி.க்கு விற்கப்பட்டது. மாரிசன்-நூட்சன் 1996-இல் திவாலாகி வேறு கைக்குப் போயிற்று. பெக்டெல்லும் ஷேயும் இன்றும் அந்தந்தக் குடும்பங்களின் கையிலேயே இருக்கின்றன.